மாமனுக்கு ஆகாத பல்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டைக் கொடுத்தது டாக்டர் நஸ்ரின். மதுரையில் பல் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படிக்கிற பெண், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். "தினமும் எழுதுங்கக்கா. என்ன சாப்பிட்டீங்க, எது மூக்குல வந்துச்சு, எங்க வலிக்குது. ஆபரேஷனுக்கு முன்னாடியும் எழுதணும், பின்னாடியும் எழுதணும்" என்றார். அட்டையில் ஒரு குடும்பமே பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. எல்லாருக்கும் எல்லாப் பல்லும் வரிசையாக இருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. வயது முப்பத்து மூன்று. திருமங்கலத்தில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். பிறக்கும்போதே மேல் உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. உதட்டை ஒரு வயதிலும் அண்ணத்தை நாலு வயதிலும் இலவச முகாமில் தைத்தார்கள். தையல்காரியாகச் சொல்கிறேன், உதட்டைத் தைத்தவருக்கு நல்ல கை. அண்ணத்தைத் தைத்தவர் அவசரக்காரர். முன்பக்கம் ஓர் ஓட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டார். குடிக்கிற டீ அந்த ஓட்டை வழியாக ஏறி மூக்கில் வரும். ஓட்டைக்குப் பக்கத்தில், பல் இருக்கக் கூடாத இடத்தில், ஒரு பல் இருக்கிறது.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் டாக்டர் நஸ்ரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே மாணவர்களைக் கூப்பிட்டார். ஆறு பேர் வந்து ஒருத்தர் பின் ஒருத்தராகக் குனிந்து பார்த்தார்கள். ஒரு பையன் "சூப்பர்" என்றான், பிறகு என் முகத்தைப் பார்த்து "சாரிக்கா" என்றான். என் பல்லைப் பார்க்க ஆட்கள் வரிசையில் நின்றது இதுதான் முதல் தடவை. பார்க்க வந்திருக்க வேண்டியவர் ஒருத்தர் மட்டும் முப்பத்து மூன்று வருஷமாக வரவில்லை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. டாக்டர் கேட்டது சாப்பாடு மட்டும்.

மூக்கில் வந்தவை: காலை டீ, மத்தியானம் மோர்.

ஜூன் 4, புதன்

மூக்கில் வந்தது: ரசம். மிளகு ரசம். மேற்கொண்டு எழுதத் தெம்பு இல்லை.

ஜூன் 9, திங்கள்

ஸ்கேன் எடுத்தார்கள். தலையை அசைக்காமல் நிற்க வேண்டும், மெஷின் நம்மைச் சுற்றி வரும். கோயிலில் நான் சுற்றுவேன், இங்கே என்னைச் சுற்றுகிறார்கள் என்று நஸ்ரினிடம் சொன்னேன். சிரித்தார். நான் சொல்வது பலருக்கும் முதல் தடவையில் விளங்காது. அதனால்தான் கடையில் எப்போதும் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பேன். ஊசி கவ்வியிருக்கிறவளிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. நஸ்ரினுக்கு மட்டும் எப்படியோ முதல் தடவையிலேயே விளங்கிவிடுகிறது.

பெரிய டாக்டர் கம்ப்யூட்டரில் என் மண்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "ஒண்ணு இல்லம்மா, ரெண்டு இருக்கு. ஒண்ணு அண்ணத்துல, உங்களுக்கே தெரியுது. இன்னொண்ணு மேல, மூக்குத் தரையை ஒட்டித் தலைகீழா நிக்குது. எலும்புக்குள்ள மறைஞ்சு கிடக்கு."

பிளவு விழுந்த இடத்தில் ஒரு பல்லின் வித்து இரண்டாகப் பிரிந்து, இரண்டும் தனித்தனிப் பல்லாக வளர்ந்துவிடுவது உண்டாம். அது யார் குற்றமும் இல்லையாம். இரண்டையும் எடுத்து, ஓட்டையை மூட வேண்டும். நாலைந்து மாதம் கழித்து, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறு பிளந்த இடத்தில் நிரப்ப வேண்டும். இதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே செய்திருக்க வேண்டியதாம்.

"ஏன்க்கா இத்தனை வருஷம் விட்டீங்க?" என்று கேட்டார் நஸ்ரின்.

பன்னிரண்டு வயதில் ஒரு முகாம் டாக்டர் அண்ணத்துப் பல்லை எடுக்கிறேன் என்றார். ஊசியைக் கையில் எடுத்தும்விட்டார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடி வந்தாள். அவள் செருப்பில் ஒன்று அங்கேயே போயிற்று. எனக்கு வலிக்குமே என்ற பயம் அவளுக்கு. என்மேல் அவ்வளவு உயிர்.

அதைத்தான் நஸ்ரினிடமும் சொன்னேன்.

மூக்கில் வந்தவை: டீ, பால் சாதம்.

ஜூன் 13, வெள்ளி

அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு பத்திரிகை இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. அருப்புக்கோட்டை தவசிலிங்கத்துக்கு அறுபது நிறைகிறது. ஜூலை 13 ஞாயிற்றுக்கிழமை மணிவிழா. தவசிலிங்கம் என் அம்மாவுடன் பிறந்த ஒரே தம்பி. எனக்குத் தாய்மாமன்.

"எப்பப்பா வந்துச்சு?"

"போன வாரம். ஆள்ட்ட குடுத்துவிட்டிருந்தான்."

"சுற்றமும் நட்பும் சூழ வருகன்னு போட்டிருக்கு. இதுல நான் சுற்றமா நட்பா?"

அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டினார். "போன்ல பேசுனான். நீங்க மட்டும் வாங்க மச்சான்னான். நான் போகல மங்கை. அந்தப் பேச்சை விடு."

விட்டேன். மூன்று ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தேன். மூன்றையும் பிரித்து மறுபடி வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதித்தான் விடுகிறேன். டாக்டர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகட்டும்.

குழந்தைக்கு மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். எனக்கு ஐந்தாம் மாதமே மேலே முளைத்துவிட்டது, அதுவும் பிளவின் ஓரத்தில், கோணலாக. உதடு பிளந்து பிறந்தபோது வந்து பார்க்காத ஜனமெல்லாம் பல் முளைத்ததும் வந்து பார்த்தார்களாம். அந்தப் பால்பல் விழுந்து, ஒன்பது வயதில் பக்கத்திலேயே அண்ணத்தில் இன்னொன்று வந்தது. விழுந்தும் விடவில்லையே என்று அதற்கும் ஒரு பேச்சு.

இதற்குப் பரிகாரம் பெரிய காரியம் இல்லை. ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் குழந்தையின் முகம் தெரியும்படி பிடிப்பார்கள். மாமன் முதலில் எண்ணெயில் பார்க்க வேண்டும், பிறகு நேரில் பார்க்கலாம். அவ்வளவுதான். அம்மா வெண்கலக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, என்னை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிறவரை அவர் வரவில்லை. மறுநாள் அந்த எண்ணெயை என் தலையில் வைத்துக் குளிப்பாட்டினாளாம்.

காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும். வரவில்லை. அப்பாவின் கூட்டாளி ஒருவர் மடியில் உட்கார்த்தினார்கள். நான் பெரியவளானபோது மாமன் சீர் பஸ்ஸில் பார்சலாக வந்தது, கண்டக்டர் இறக்கி வைத்துவிட்டுப் போனார். எனக்குப் பார்த்த ஒரு வரன், தாய்மாமனே ஒதுக்கிய பெண் என்று சொல்லித் தட்டிப்போனது. எல்லாவற்றையும் சீரணித்துவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா செத்துப்போனாள். பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிச் சேலையைப் போர்த்தாமல் பெண்ணைச் சுடுகாட்டுக்கு எடுக்க மாட்டார்கள். தம்பி வருவான் என்று மத்தியானம் மூன்று மணி வரை போட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசியில் அப்பா உள்ளேயிருந்து ஒரு சுங்குடிச் சேலையைக் கொண்டுவந்து, "மாப்பிள்ளை குடுத்துவிட்டாரு" என்றார், மாமாவைச் சொல்லி. கோடியைக்கூட ஆள் கையில் கொடுத்தனுப்பினார் அந்த மனிதர். அதுவும் புதுச் சேலை இல்லை. மடிப்பு பழையது, கோடு விழுந்து வெளுத்திருந்தது. பாச்சா உருண்டை வாசம். துணியிலேயே பிழைக்கிறவளுக்கு இது தெரியாதா? வீட்டில் கிடந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தேன். என்ன சத்தியம் என்று எனக்கே அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. அந்தப் பல்லை எடுத்து, அவர் மணிவிழா மேடையில், அவர் கையில் வைக்க வேண்டும். அறுபதைத் தாண்டிவிட்டோம், கண்டம் தப்பியது என்று மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவர் நம்புகிறார், அது போதும்.

அந்த வெண்கலக் கிண்ணம் இப்போது கடையில் இருக்கிறது. அதில் ஜாக்கெட் கொக்கிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

மூக்கில் வந்தது: கவனிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

நஸ்ரினுக்குப் போன் செய்து, ஆபரேஷனை ஜூலைக்குள் முடிக்க முடியுமா என்று கேட்டேன். "இத்தனை வருஷம் பொறுத்தீங்க, இப்ப என்னக்கா அவசரம்?" என்றார். சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றேன். "விசேஷத்துக்கு அழகா போகணுமா!" என்று சந்தோஷப்பட்டு 25ஆம் தேதி வாங்கிக் கொடுத்தார். நல்ல பெண்.

ஜூன் 24, செவ்வாய்

அட்மிஷன். ரத்தம் எடுத்தார்கள். அப்பா பிளாஸ்கோடு கூடவே அலைகிறார். பக்கத்துக் கட்டிலில் ராமநாதபுரத்துக் குழந்தை ஒன்று, உதடு பிளந்தது, ஏழு மாதம். பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள் தாய். ஒரு தடித்த மனிதர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். தகப்பன் என்று நினைத்தேன்.

"எங்கண்ணே. லீவு போட்டு வந்துருக்கு" என்றாள் அவள்.

அதற்கு மேல் அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

ஜூன் 25, புதன்

எடுத்தாயிற்று.

ஜூன் 27, வெள்ளி

வலி: இருக்கிறது. வீக்கம்: வலது கன்னம் இட்லி மாதிரி. சாப்பிட்டது: ஆறவைத்த கஞ்சி, இளநீர். உறிஞ்சக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கில் வந்தது: ரத்தம் கலந்த சளி. கஞ்சி வரவில்லை. மூன்று தடவை துணியால் துடைத்துப் பார்த்தேன், வரவில்லை.

மயக்கம் தெளிந்ததும் நான் பேசிய முதல் பேச்சு, "தூக்கிப் போட்டுறாதீங்க" என்பதாம். அப்பா என்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். நான் பல்லைச் சொன்னேன்.

இன்று காலை அதற்கு ஒரு போராட்டம். இரண்டு பல்லையும் மருந்துத் தண்ணீரில் போட்டு, பாட்டிலில் லேபிள்கூட ஒட்டிவிட்டார்கள். இங்கே பல்லுக்கு இவ்வளவு கிராக்கி என்று எனக்குத் தெரியாது. மாணவர்கள் துளை போட்டுப் பழகுவதற்கு ஊரெல்லாம் பல் தேடி அலைவார்களாம்.

"எங்க டிபார்ட்மென்டுக்குக் குடுங்கக்கா. மூக்குத் தரையில தலைகீழா நின்ன பல்லு அடிக்கடி கிடைக்காது" என்றார் நஸ்ரின்.

"என் வாயில இத்தனை வருஷம் இருந்துருக்கு. எனக்கு வேணும்."

"ரெண்டும் எதுக்கு? ஒண்ணாவது குடுங்க."

"ரெண்டும் வேணும்."

அவர் போய், மருந்தில் கழுவி, ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "யாருக்காவது காட்டணுமாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அண்ணத்துப் பல் ஆணி மாதிரி கூராக இருக்கிறது. மூக்குப் பல் சின்னது, வெள்ளரி விதை அளவு. இந்த இரண்டுக்கா ஒரு ஆம்பளை பயந்தார்?

ஜூலை 2, புதன்

தையல் பிரித்தார்கள். ஓட்டை மூடியிருக்கிறது. "ம்மா சொல்லுங்க, ப்பா சொல்லுங்க" என்று நஸ்ரின் சொல்லச் சொன்னார். சொன்னேன். 'ப்பா' மூக்கில் போகாமல் வாயிலேயே வெடித்தது. அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார், என்னமோ தன்னைக் கூப்பிட்டதாக எழுந்து வந்துவிட்டார்.

டீ குடித்தேன். மூக்கில் வந்தது: இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

அருப்புக்கோட்டைக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு சேலை எடுத்து, அதற்கு எனக்கு நானே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"போகாத மங்கை."

"லைனிங் துணி வாங்க மதுரைக்குல்ல போறேன்."

"பாட்டிலைத் தூக்கிட்டா போவாக லைனிங் வாங்க?"

நான் மெஷினை நிறுத்தவில்லை. அப்பா சத்தத்துக்கு மேல் சத்தமாகப் பேசினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"அவன் மேல மட்டும் எல்லாத்தையும் போடாத. உங்கம்மா சாகுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி என் கண்ணு முன்னால போன் போட்டா. தம்பி, எனக்கு ஒண்ணுன்னாலும் நீ வந்துராத, புள்ள இங்கதான் இருக்கும்னா. அந்தக் கோடிச் சேலை, அவ உயிரோட இருக்கப்ப அவளே வாங்கி பீரோவுல வச்சது. தம்பி குடுத்துவிட்டான்னு சொல்லுங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்குனா."

"பொய்யி."

"அந்த முகாம்லருந்து உன்னை இழுத்துட்டு ஓடியாந்தாளே, உனக்கு வலிக்கும்னா? பல்லுல இரும்பு பட்டா அது தம்பி மேல திரும்பிரும்னு. அன்னைக்கே எடுத்திருந்தா இத்தனை வருஷம் மூக்குல தண்ணி வந்திருக்குமா உனக்கு? நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன், அது என் தப்பு."

அப்பாவுக்கு அறுபத்தெட்டு ஆகிறது. ஞாபகம் பிசகுகிறது. போன மாதம் கேஸ் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுத் தேடினார்.

ஜாக்கெட்டின் முதுகுத் துணியைக் கழுத்துக்குப் பதில் கீழே வளைத்து வெட்டிவிட்டேன். பதினாறு வருஷத் தையலில் எனக்கு இப்படி ஆனதில்லை. பழைய ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு போவேன்.

ஜூலை 7, திங்கள்

அந்தக் கோடிச் சேலையில் பழைய மடிப்பு. பாச்சா உருண்டை.

இல்லை. அவர் வீட்டு பீரோவிலும் பாச்சா உருண்டை இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நான் பஸ் ஏறும்வரை அப்பா கூட வந்து நின்றார். மூக்குப் பல்லை வீட்டிலேயே கிண்ணத்தில், கொக்கிகளோடு போட்டு வந்திருந்தேன். ஆணி மாதிரி இருக்கிற அண்ணத்துப் பல்லை மட்டும் ஒரு குங்குமச் சிமிழில் பஞ்சு வைத்து எடுத்துப்போனேன். எதற்காக ஒன்றை விட்டுவிட்டுப் போனேன் என்று கேட்டால் அப்போது எனக்குப் பதில் தெரியாது. சிமிழ் சின்னது, அவ்வளவுதான்.

மண்டபம் நிறைய ஜனம். மேடையில் மாமாவும் இந்திராணி அத்தையும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் வரிசையில் போய்க் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். நானும் வரிசையில் நின்றேன். அவரை இதற்கு முன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். காது அம்மாவுடைய காது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

என் முறை வந்தது. பின்னால் நிற்கிறவர்கள் நெருக்கினார்கள். விழுந்தேன், அங்கே விழாமல் எப்படி நிற்பது? அவர் என் நெற்றியில் திருநீறு பூசினார். "நல்லா இருத்தா. நூறு வருஷம் இரு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "யாரு வீட்டுப் புள்ள? தெரியலயே."

என்னைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்?

"பொன்னுத்தாய் மக" என்றேன். மூக்கில் போகாமல் தெளிவாக வந்தது. முதல் தடவையிலேயே விளங்கியிருக்கும்.

அவர் கை நெற்றிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அத்தை எழுந்துவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா உன்னை யாரு வரச் சொன்னா? மச்சான மட்டும்ல கூப்பிட்டோம்."

"மாமாவுக்குச் சீர் கொண்டாந்தேன். பார்சல்ல விட மனசு வரல" என்று சிமிழைத் திறந்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்தேன்.

பார்த்ததும் தேள் விழுந்த மாதிரி கையை உதறப் போனார். உதறவில்லை. அப்படியே வெறித்துப் பார்த்தார். இதற்காகத்தான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு வயிறு குளிர்ந்தது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், குளிர்ந்தது.

"இது... எப்ப எடுத்தீக?" என்றார்.

"பதினெட்டு நாளாச்சு."

"பதினெட்டு நாளா?" தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். "பதினெட்டு நாளா எனக்கு ஒண்ணும் ஆகலையே! இந்திராணி, எடுத்துட்டாகளாம். பதினெட்டு நாளாச்சாம்!"

அப்புறம் அந்த மனிதர் மேடையிலேயே அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, மாலை நசுங்க, எல்லாரும் பார்க்க அழுதார். "அக்காதான் வராத வராதன்னுச்சு. எண்ணெய்க் கிண்ணம் வச்ச அன்னைக்கு உங்க தெரு முக்கு வரைக்கும் வந்தேன்த்தா. கால் நடக்க மாட்டேன்னுருச்சு. அக்காவைக் கொண்டுபோறப்ப சுடுகாட்டு ரோட்டுல டீக்கடைக்குப் பின்னால நின்னேன். எங்கக்கா முகத்த நான் பாக்கலத்தா." அத்தைகூட உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "இனிமே என்ன பயம்? இனிமே நான் வருவேன், நீ வா. மொத வேலையா சாப்பிட்டுப் போ" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வருஷத்துப் பாரம் இறங்கிய முகம். என் வாயைக் கிழித்து, என் பல்லைப் பிடுங்கி, நானே பஸ் ஏறி வந்து இறக்கி வைத்த பாரம். எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அது இறங்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடியவளுக்கு இறங்கவில்லை. இவருக்கு மட்டும் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிட்டது.

"இன்னொண்ணு இருக்கு மாமா" என்றேன்.

"என்னது?"

"பல்லு. ஸ்கேன்ல தெரிஞ்சுச்சு. மேல, மூக்குக்குக் கீழ, தலைகீழா நிக்குது. அதை எடுக்க முடியாதுன்னுட்டாக."

என் கையைப் பிடித்திருந்த அவர் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பின்னால் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சாப்பிட்டுப் போ என்று அவர் மறுபடி சொல்லவில்லை.

நான் சாப்பிட்டேன். பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு டம்ளர் குடித்தேன்.

மூக்கில் வந்தது: ஒன்றும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

கடை திறந்தேன். இனிமேல் வாயில் ஊசி கவ்வக் கூடாது என்று நஸ்ரின் சொல்லியிருக்கிறார். எலும்பு வைக்கிறவரை ஈறு பத்திரம். வருகிறவர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?" என்று கேட்டார் அப்பா.

"சாப்பிட்டுப் போகச் சொன்னாரு."

அப்பா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். கொக்கிகளுக்கு நடுவில் அந்த வெள்ளரி விதை கிடந்தது.

ஜூலை 17, வியாழன்

அப்பாவின் போனில் அந்த மனிதர் பேசினார். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. அந்தப் பல்லை எடுக்க முடியாது என்று சொன்னது எந்த டாக்டர் என்று கேட்டாராம். சென்னையில் தனக்குத் தெரிந்த பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம், தானே கூட்டிப்போகிறாராம். "புள்ள தனியாப் போக வேணாம் மச்சான், நான் கூட இருக்கேன். ஒரு மாசமானாலும் இருக்கேன்" என்றாராம்.

பயம். வேறு என்ன இருக்கும்?

"எல்லாம் எடுத்தாச்சுன்னு சொல்லிறட்டுமா?" என்றார் அப்பா.

"சொன்னா நான் உங்ககூடப் பேச மாட்டேன்."

"நீ நல்லா இருக்கியான்னும் கேட்டான் மங்கை. கடைசியா, போனை வைக்கிறதுக்கு முன்னாடி. வீக்கம் வத்திருச்சான்னு கேட்டான்."

அவர் நூறு வருஷம் இருக்க வேண்டும். எனக்குச் சொன்ன வாழ்த்தை அவருக்கே திருப்பிச் சொல்கிறேன். நூறு வருஷமும் இந்தப் பல்லை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

வலி: இல்லை. வீக்கம்: இல்லை. மூக்கில் வந்தது: இல்லை. இனிமேல் எழுத வேண்டாம், நோட்டைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று நஸ்ரின் சொன்னார். இதைக் கொடுக்க முடியாது. புதிதாக ஒன்று வாங்கிச் சாப்பாட்டை மட்டும் பார்த்து எழுதித் தருகிறேன்.

அந்த மனிதர் பேசினால் எடுக்கக் கூடாது என்று அப்பாவிடமிருந்து போனை வாங்கிக் கடையில், கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடித்து ஓயும், மறுபடி அடிக்கும். அடிக்கும்போது மெஷினை நிறுத்திவிடுகிறேன். நேற்று மூன்று தடவை. இன்று காலையிலிருந்து இரண்டு.

மணி நாலாகிறது. நேற்று இந்நேரம் மூன்றாவது வந்துவிட்டது.